ஆறு அங்குலத் திரையில் அடைக்கலப் பொருள்: தனியாகத் தொழில் செய்வோருக்கான கைப்பேசிப் பாதுகாப்பு

மொழிபெயர்ப்பு என் தொழில். பெரும்பாலும் ஆவணங்கள்தான் வரும்: பிறப்புச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, சொத்துப் பத்திரம். தனியாக அலுவலகம் கிடையாது. ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு கைப்பேசி, அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரைச் சந்திக்கப் போயிருந்தேன். அவர் கேட்ட மாதிரிப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து, அவர் படிக்க வசதியாக மேசைமேல் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பாதி படித்திருப்பார். திரையின் மேல்விளிம்பிலிருந்து ஓர் அறிவிப்பு இறங்கியது. வேறொரு வாடிக்கையாளர் அனுப்பிய செய்தி. முதலில் அவருடைய முழுப்பெயர், அதன் கீழே இரண்டு வரிகள்: விவாகரத்து மனுவின் மூன்றாம் பத்தியை மாற்ற வேண்டும் என்றும், அதற்கான காரணமும். சில விநாடிகளில் அது மேலே ஏறி மறைந்துவிட்டது. எதிரில் இருந்தவர் கண்ணியமானவர். உடனே பார்வையை விலக்கிக்கொண்டார். ஆனால் படித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. செய்தி அனுப்பிய பெண்மணி உடன்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த செய்தி அது. வீடு வந்து சேரும்வரை எனக்கு மனம் ஆறவில்லை.

என் கைப்பேசியை யாரும் திருடவில்லை. கடவுச்சொல்லை யாரும் உடைக்கவில்லை. ஆனாலும் காக்க வேண்டியது கைநழுவிவிட்டது. கைப்பேசிப் பாதுகாப்பு ஒரு பாடம், கைப்பேசி நாகரிகம் இன்னொரு பாடம் என்று நான் பிரித்துப் பார்ப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். தமிழில் அடைக்கலப் பொருள் என்று ஒரு நல்ல சொல் உண்டு. நம்மிடம் இருக்கும், நம்முடையது ஆகாது. உரியவர் கேட்கும் வரை பழுதில்லாமல் வைத்திருப்பது நம் கடமை. வழக்கறிஞர், கணக்காளர், புகைப்படக்காரர், பயிற்சி ஆசிரியர், வடிவமைப்பாளர், வீடுகளுக்குப் போய்ச் சிகிச்சை தருபவர் என்று தனியாகத் தொழில் செய்யும் யாருடைய கைப்பேசியை எடுத்துக்கொண்டாலும், அதன் பெரும்பகுதி அடைக்கலப் பொருளால் நிறைந்திருக்கிறது. நிறுவனத்தில் வேலை பார்ப்பவரின் கைப்பேசி தொலைந்தால், தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர் எங்கோ உட்கார்ந்துகொண்டு அதைப் பூட்டிவிடுவார். நமக்கு அந்த ஆளும் நாமேதான். ஆகவே அந்த ஆள் செய்யக்கூடிய வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூட்டு என்ன செய்கிறது

இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ஐபோன்களிலும் உள்ளே இருக்கும் தகவல் மறையாக்கம் செய்துதான் சேமிக்கப்படுகிறது. சாவி இல்லாதவருக்கு வெறும் எண்குவியலாகத் தெரியும்படி மாற்றி வைப்பதே மறையாக்கம். அந்தச் சாவி திரையைத் திறக்க நீங்கள் போடும் ரகசிய எண்ணான பின் எண்ணோடும், கைப்பேசிக்குள் இருக்கும் ஒரு பாதுகாப்புச் சில்லோடும் பிணைந்திருக்கிறது. திரைப்பூட்டே போடாமல் வைத்திருந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண். எடுத்தவர் கையில் கதவு தானாகவே திறக்கும்.

நான்கு இலக்கப் பின் எண்ணில் 10,000 சாத்தியங்கள் இருக்கின்றன. ஆறு இலக்கமாக்கினால் 10 லட்சம். இரண்டு இலக்கம் கூடுவதால் நமக்கு ஒரு விநாடி கூடுதலாகலாம், ஊகிப்பவருக்கு வேலை நூறு மடங்காகிறது. தவறாகப் போடப் போட, அடுத்த முயற்சிக்குக் கைப்பேசி காக்க வைக்கும் நேரமும் நீண்டுகொண்டே போகும். பிறந்த ஆண்டையும் 123456 என்பதையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். கோடு இழுத்துத் திறக்கும் முறை எனக்கு உடன்பாடில்லை. விரல் போன தடம் திரையில் எண்ணெய்க் கோடாகப் படிந்துவிடும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரே பார்வையில் மனத்தில் பதிந்துவிடும்.

கைரேகையும் முகமும் வசதியானவை, தாராளமாகப் பயன்படுத்தலாம். பொது இடத்தில் பின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டியதில்லை என்பதே அவற்றின் பெரிய நன்மை. ஆனால் அடித்தளம் பின் எண்தான். கைப்பேசியை அணைத்துத் திறந்தால் முதலில் அதைத்தான் கேட்கும். திருடர்களும் இதை அறிவார்கள். பின் எண் போடுவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு, பிறகு கைப்பேசியைப் பறிப்பார்கள். அந்த ஒரே எண்ணை வைத்துக் கணக்கின் கடவுச்சொல்லையே மாற்றி உரிமையாளரை வெளியே தள்ளிவிடுவார்கள். இதைத் தடுக்கத்தான் 2024 ஜனவரியில் வந்த, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 17.3 பதிப்பில், திருடுபோன சாதனத்துக்கான பாதுகாப்பு என்று ஓர் அமைப்பைச் சேர்த்தார்கள். அதை இயக்கி வைத்தால், பழக்கமில்லாத இடத்தில் முக்கியமான மாற்றங்களுக்குப் பின் எண் மட்டும் போதாது, முகமோ கைரேகையோ வேண்டும். ஆண்ட்ராய்டிலும் திருட்டைத் தடுக்கும் அமைப்புகள் வந்திருக்கின்றன. அமைப்புகள் பகுதியில் தேடிப் பார்த்து இயக்கிவிடுங்கள்.

இனி, என்னைத் தலைகுனிய வைத்த அந்த அறிவிப்பு. பூட்டியிருக்கும்போதும் செய்தியின் முதல் வரிகளைக் காட்டும்படி பல கைப்பேசிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஓடிபி எண்கூட அப்படித் தெரியும். பூட்டின் பயனில் பாதி அங்கேயே போய்விடுகிறது. அறிவிப்புகளுக்கான அமைப்புகளில் உள்ளடக்கத்தை மறைக்கும் தேர்வு இருக்கிறது. செய்தி வந்திருக்கிறது என்று மட்டும் காட்டும், என்ன செய்தி என்று காட்டாது. பூட்டு திறந்திருக்கும்போது இறங்கும் அறிவிப்புக்கு இது மட்டும் போதாது. வாட்ஸ்அப் போன்ற செயலிகளுக்குள்ளேயே முன்னோட்டத்தை நிறுத்தும் வசதி உண்டு. நான் அதையும் நிறுத்திவிட்டேன். ஒருவரைச் சந்திக்கப் போகும்போது 'தொந்தரவு செய்யாதே' நிலையையும் போட்டுக்கொள்கிறேன்.

கைப்பேசியை இன்னொருவர் கையில் கொடுக்க நேரும்போது இன்னும் ஒரு வழி இருக்கிறது. பலருக்குத் தெரியாதது, எனக்கு மிகப் பிடித்தது. ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' என்றும் ஐபோனில் 'கைடட் ஆக்சஸ்' என்றும் அதற்குப் பெயர். ஒரே ஒரு செயலியைத் திரையில் நிறுத்திப் பூட்டிவிடும். பார்ப்பவர் அதைவிட்டு வெளியே போக முடியாது. வெளியேறப் பின் எண்ணைக் கேட்கும்படி அமைத்துக்கொள்ளலாம். திருமணப் படங்களைக் காட்டும் புகைப்படக்காரருக்கு இதைவிட உதவியான வசதி இல்லை. ஆனால் படத் தொகுப்பு முழுவதையும் திறந்துவைத்துப் பூட்டினால் பயனில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போனால் அடுத்த வாடிக்கையாளரின் குடும்பப் படம் வந்து நிற்கும். காட்ட வேண்டியதைத் தனி ஆல்பமாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் எண் ஒரு சாவிக்கொத்து

வங்கி, மின்னஞ்சல், வரிக்கணக்கு, வாட்ஸ்அப் என்று எல்லாமே இன்று கைப்பேசி எண்ணை நம்பி நிற்கின்றன. கடவுச்சொல் மறந்துவிட்டதா, எண்ணுக்கு ஓடிபி வரும். அப்படியானால் எண் யார் கையில் இருக்கிறதோ, சாவிக்கொத்தும் அவர் கையில்.

எண்ணைப் பறிக்கும் மோசடிக்கு சிம் ஸ்வாப் என்று பெயர். உங்கள் கைப்பேசியை யாரும் தொட மாட்டார்கள். உங்களைப் பற்றித் திரட்டிய விவரங்களை வைத்துக்கொண்டு, உங்களைப் போலப் பேசி, 'சிம் தொலைந்துவிட்டது, புதிது கொடுங்கள்' என்று தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றுவார்கள். புதிய சிம் உயிர்பெற்றதும் உங்கள் சிம் செயலற்றுப்போகும். உங்களுக்குத் தெரியும் ஒரே அறிகுறி, வழக்கமாக நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் கோடுகள் காணாமல் போவதுதான். ட்விட்டர் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கையே 2019 ஆகஸ்டில் இப்படி எண்ணைக் கைப்பற்றித்தான் பிடித்தார்கள். எந்த இடத்திலும் காரணமின்றிச் சிக்னல் போய், மறுபடி இயக்கிப் பார்த்தும் திரும்பவில்லை என்றால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வேறொரு தொலைபேசியிலிருந்து உடனே சேவை நிறுவனத்தை அழையுங்கள், அடுத்ததாக வங்கியை.

அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே, எஸ்எம்எஸ் வழியாக வரும் ஓடிபியைக் கட்டுப்பாட்டுடன் பயன்படுத்த வேண்டிய வகையில் வைத்துவிட்டது. வங்கிகள் எஸ்எம்எஸ்ஸை விடுவதாக இல்லை, அது நம் கையில் இல்லை. ஆனால் மின்னஞ்சலுக்கும் சேமிப்பகக் கணக்குகளுக்கும் மாற்று வழி இருக்கிறது: ஆதென்டிகேட்டர் செயலி. முதல்முறை இணைக்கும்போது ஒரு ரகசிய எண் உங்கள் கைப்பேசியிலும் சேவை நிறுவனத்திலும் பதிவாகிறது. அதன்பின் இரு பக்கமும் அந்த ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து ஒரே கணக்கைப் போட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைப் பெறுகின்றன. எதுவும் காற்றில் பயணிப்பதில்லை. இணையமோ சிக்னலோ இல்லாவிட்டாலும் எண் வந்துகொண்டிருக்கும். உங்கள் தொலைபேசி எண்ணைத் திருடியவருக்கு வராது.

எந்தக் கணக்கில் தொடங்குவது என்று கேட்டால், தயங்காமல் மின்னஞ்சல் என்பேன். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் இணைப்பு அங்குதான் வந்து விழுகிறது. இப்போது பாஸ்கீ என்ற முறையும் பரவிவருகிறது. அதில் கடவுச்சொல்லே கிடையாது. கைப்பேசிக்குள் இருக்கும் சாவி, தான் உருவாக்கப்பட்ட இணையதளத்துக்கு மட்டுமே பதில் சொல்லும். அச்சு அசலாக ஒரு போலித் தளத்தைக் கட்டி நம் கண்ணை ஏமாற்றலாம், முகவரி வேறு என்பதால் பாஸ்கீயை ஏமாற்ற முடியாது. கேட்கும் தளங்களில் ஒப்புக்கொள்ளுங்கள்.

சிம்முக்கே தனியாக ஒரு பின் எண் உண்டு. கைப்பேசியைத் திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டு உங்கள் ஓடிபிகளைப் படிக்காமல் அது தடுக்கும். ஆனால் கவனம் வேண்டும். மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு பக் என்ற எட்டு இலக்க எண் கேட்கும். அதைப் பத்து முறை தவறவிட்டால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். முதலில் சேவை நிறுவனத்திடம் பக் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொண்டு, அதன்பின் பின் எண்ணை மாற்றுவதே முறை.

எனக்குத் தெரிந்த தனித்தொழிலாளர்களில் பலரைப் பிடித்தது சிம் ஸ்வாப் அன்று, அதைவிட எளிய ஒரு தந்திரம். அது நடப்பது இப்படி. ஒரு மாலையில் உங்கள் கைப்பேசிக்கு வாட்ஸ்அப்பிலிருந்து ஆறு இலக்க எண் ஒன்று எஸ்எம்எஸ்ஸாக வருகிறது. நீங்கள் கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில் நன்கு பழகிய ஒரு வாடிக்கையாளரிடமிருந்து செய்தி: 'மன்னிக்கவும், என் எண் தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் அனுப்ப முடியுமா?' அவர் பெயர், அவர் படம், அவரோடு நேற்றுப் பேசிய உரையாடலின் தொடர்ச்சி. அனுப்பிவிடுகிறீர்கள். அடுத்த நொடி உங்கள் வாட்ஸ்அப் வெளியேறிவிடுகிறது. நடந்தது என்னவென்றால், அந்த வாடிக்கையாளரின் கணக்கை ஏற்கெனவே பறித்தவர், உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார். அந்தப் பதிவை முடிக்கும் எண்ணைத்தான் நீங்கள் கொடுத்தீர்கள். பழைய உரையாடல்கள் அவரிடம் போய்விடுவதில்லை. ஆனால் உங்கள் பெயரும் படமும் குழுக்களும் இனி வரும் செய்திகளும் அவருடையவை. உங்கள் வாடிக்கையாளர்களுக்கு வரிசையாகச் செய்தி போகும்: 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது, நிலுவையை இதில் போடுங்கள்.'

இதற்கு வாட்ஸ்அப்பிலேயே மருந்து இருக்கிறது. கணக்கு அமைப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று இருக்கும். 2017 முதல் எல்லோருக்கும் கிடைக்கிறது. நீங்களே ஓர் ஆறு இலக்கப் பின் எண்ணை வைத்துக்கொண்டால், எஸ்எம்எஸ் எண்ணைப் பறித்தவராலும் பதிவை முடிக்க முடியாது. அப்படியே 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலையும் திறந்து பாருங்கள். எப்போதோ ஒரு கணினியகத்தில் இணைத்து மறந்த பிரவுசர் அங்கே இன்னும் உயிரோடு இருக்கலாம்.

இந்த இடத்தில் நாகரிகமும் பாதுகாப்பாகிறது. என் விலைப்பட்டியலின் அடியில் ஒரு வரி அச்சிடுகிறேன்: 'என் வங்கிக் கணக்கு விவரம் மாறினால் நேரில் பேசித் தெரிவிப்பேன், செய்தியை மட்டும் நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம்.' முன்கூட்டியே சொல்லி வைத்ததால், சந்தேகம் வந்தவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்கத் தயங்குவதில்லை. குரலையும் நகலெடுக்க முடிகிற காலம் இது. ஆகவே பணவிஷயமாக யாராவது அழைத்தால், தாம் சேமித்து வைத்திருக்கும் என் எண்ணுக்குத் திரும்ப அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்கிறேன். யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

செயலிகள் கேட்பதும் நாம் கொடுப்பதும்

செயலியை நிறுவும்போதே எல்லா அனுமதியையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டிய நிலை ஆண்ட்ராய்டில் 2015 வரை இருந்தது. ஆறாம் பதிப்பிலிருந்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. நாம்தான் பழைய பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அழுத்திவிடுகிறோம். கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றில் பலரும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். நான் அவற்றைவிட அஞ்சுவது தொடர்புப் பட்டியலுக்கான அனுமதியைக் கேட்கும் செயலிகளை. அங்கே இருப்பது உங்கள் விவரம் மட்டுமில்லை. முந்நூறு பேருடைய பெயரையும் எண்ணையும் அவர்களைக் கேட்காமலே ஒரு விளையாட்டுச் செயலிக்குக் கொடுக்கிறீர்கள். 'இன்னார், புற்றுநோய் அறிக்கை' என்று அடையாளக் குறிப்போடு பெயரைச் சேமிக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். பெயரோடு குறிப்பு எழுதுவதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

திரையின் மேல்மூலையில் பச்சைப் புள்ளி தெரிந்தால் கேமராவோ மைக்கோ பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள். ஐபோனில் மைக்குக்கு மட்டும் ஆரஞ்சு. நாம் எதையும் இயக்காதபோது புள்ளி எரிந்தால், அனுமதிப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும்.

செய்தியோடு வரும் செயலிக் கோப்பை எந்தக் காரணத்துக்காகவும் நிறுவாதீர்கள். அழைப்பிதழ், அபராத ரசீது, கூரியர் விவரம் என்று எந்த வேடத்திலும் வரும். பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று முடிந்தால் அது ஆவணம் இல்லை, ஒரு செயலி. நிறுவியதும் அது எஸ்எம்எஸ் படிக்கவோ, 'அணுகல்தன்மை' என்ற சேவைக்கோ அனுமதி கேட்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவ உருவான சேவை அது. திரையில் இருப்பதைப் படிக்கவும், நமக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் அதனால் முடியும். அந்த வல்லமை தவறான கைக்குப் போனால் வங்கிச் செயலியை அதுவே இயக்கும். தொலைபேசியில் அழைத்து 'உதவி செய்கிறோம், திரையைப் பகிரும் செயலியை நிறுவுங்கள்' என்பவர்களும் இதே வீட்டுக்கு வேறு வாசல் வழியாக வருகிறவர்கள்தான்.

பொது வைஃபை பற்றி முன்பு பேசிய அளவுக்கு இன்று பயப்படத் தேவையில்லை. பெரும்பாலான தளங்களும் செயலிகளும் தகவலை மறையாக்கம் செய்தே அனுப்புகின்றன. இணைந்தவுடன் மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கம் வந்தால் மட்டும் மூடிவிடுங்கள். பொது இடத்தில் சார்ஜ் போடும்போது தகவல் பரிமாற்றத்துக்கு அனுமதிக்கலாமா என்று கைப்பேசி கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒருவருடையது இன்னொருவருக்குப் போகும் வழிகள்

நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள் இங்கேதான் அதிகம். புதிதாகத் தொழில் தொடங்கிய ஒருவர் வாடிக்கையாளர்கள் அனைவரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, விடுமுறை அறிவிப்பைப் போடுகிறார். அந்தக் கணத்தில் ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மனநல ஆலோசகரின் குழு என்றால், யார் யார் அவரிடம் வருகிறார்கள் என்பதே வெளியாகிவிட்டது. இதற்கு 'பிராட்காஸ்ட்' பட்டியல் இருக்கிறது. ஒரே செய்தி 256 பேர் வரை தனித்தனியாகப் போய்ச் சேரும்; ஒருவரை ஒருவர் அறிய மாட்டார்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும் என்பது அதன் வரம்பு. விருப்பம் இல்லாதவரை அது தொந்தரவு செய்யாது என்பதால், அதையும் நான் நன்மையாகவே கருதுகிறேன்.

'இவர் எண் இருந்தால் அனுப்புங்கள்' என்று கேட்பவருக்கு உடனே அனுப்பாமல், உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டு அனுப்புங்கள். தாமதம் பத்து நிமிடம்தான்.

ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் பாராட்டி எழுதியதைப் பெயரை மறைத்து வெளியிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கைப்பேசியில் இருக்கும் ஒளிப்பேனாவால் கறுப்பாகத் தீட்டினால் மறைந்துவிட்டதாக நினைக்கிறோம். அது பாதி ஒளி ஊடுருவும் பேனா. படத்தின் வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்து எழுந்துவரும். நிறம் முழுதாக அடைத்த கட்டத்தை வைத்துத்தான் மறைக்க வேண்டும். வெட்டி எடுத்த படத்தையும் கண்மூடி நம்ப முடியாது. கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் திருத்தும் கருவியில் இருந்த ஒரு குறை 2023இல் வெளிப்பட்டது: வெட்டி நீக்கிய பகுதி கோப்பின் வாலிலேயே தங்கியிருந்தது, அதன் ஒரு பகுதியை மீட்க முடிந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் பகிரப்பட்ட படங்கள் பகிர்ந்தபடியேதான் இருக்கின்றன. என் வழக்கம் எளியது: பாராட்டைத் தட்டச்சு செய்து, எழுதியவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு வெளியிடுவேன்.

கைப்பேசி எடுக்கும் படத்துக்குள் எடுத்த நேரம், கருவியின் பெயர், இருப்பிட அமைப்பு திறந்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை வரை பதிந்திருக்கும். சில செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது இவற்றை நீக்கிவிடும்; தரம் குறையக் கூடாதென்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். வாடிக்கையாளரின் வீட்டில் எடுத்த படம் என்றால் அவர் வீட்டு முகவரியை அனுப்புவதற்குச் சமம். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை நிறுத்திவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

பொது இடத்தில் ஸ்பீக்கரில் பேசுவதைப் பற்றி ஒரே ஒரு வரி: எதிர்முனையில் இருப்பவர் உங்களிடம் மட்டும் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உரையாடலைப் பதிவு செய்வதாக இருந்தால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் சம்மதம் போதும் என்று சொல்லும் நாடுகளும் உண்டு, எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று சொல்லும் நாடுகளும் உண்டு. சட்டம் எதுவானாலும், பின்னால் தெரியவந்தால் உறவு முறிந்துவிடும்.

அழைப்பும் நேரமும்

முன்பின் தெரியாதவரை முதல்முறை அழைக்கும் முன், யார், எதற்காக, எத்தனை நிமிடம் என்று ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள். தெரியாத எண்ணை எடுக்கவே பலர் அஞ்சுகிறார்கள்; இவ்வளவு மோசடிகளுக்கு நடுவில் அது நியாயமான அச்சம். குரல் செய்தி அனுப்புபவருக்கு வசதி, கேட்பவருக்குச் சுமை. நாலு நிமிடக் குரல் செய்தியின் மூன்றாம் நிமிடத்தில் சொன்ன தொகையை ஆறு மாதம் கழித்து யாராலும் தேடி எடுக்க முடியாது. தொகை, தேதி, ஒப்புக்கொண்ட வேலை ஆகிய மூன்றையும் எழுத்தில்தான் அனுப்ப வேண்டும்.

தனியாகத் தொழில் செய்பவர்களுக்கு வேலைநேரம் என்று ஒன்று இல்லாமலே போய்விடுகிறது. இரவு பதினொன்றுக்கு வரும் செய்திக்கு உடனே பதில் போட்டால், அதுதான் நம் நேரம் என்று வாடிக்கையாளர் எண்ணுவது இயல்பு, தவறு அவருடையதில்லை. 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வேலைநேரத்தைக் குறிப்பிடவும், நேரம் கடந்து வரும் செய்திகளுக்குத் தானாகப் பதில் அனுப்பவும் வசதி இருக்கிறது. இரண்டு சிம் போடும் கைப்பேசியில் தொழிலுக்கென்று தனி எண் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இரவில் 'தொந்தரவு செய்யாதே' போட்டால் அவசரத்துக்கு யாரும் அழைக்க முடியாதே என்று அஞ்ச வேண்டாம். அதே எண்ணிலிருந்து இரண்டாம் முறை அழைப்பு வந்தால் ஒலிக்கும்படி வைக்கலாம். ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள். வீட்டாரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

சந்திப்பின்போது கைப்பேசி மேசைமேல் வேண்டாம், கவிழ்த்து வைத்தாலும் கண் அங்கே போகும். பைக்குள் இருக்கட்டும். முக்கியமான அழைப்பு எதிர்பார்த்தால் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் போதும்.

தொலைந்தால், மாற்றினால், நாம் இல்லாவிட்டால்

கைப்பேசி தொலைந்த பிறகு செய்யக்கூடியவை, தொலைவதற்கு முன் செய்து வைத்தவற்றைப் பொறுத்தவை. தொலைவிலிருந்து தேடிப் பூட்டி அழிக்கும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. அது இயங்குகிறதா என்று இன்று வேறொரு கணினியிலிருந்து ஒருமுறை திறந்து பாருங்கள். அப்போது ஒரு சிக்கல் கண்ணில் படும்: உள்ளே போக ஓடிபி கேட்டால், அது தொலைந்துபோன அதே கைப்பேசிக்குத்தான் வரும். இதற்காகவே கணக்குகள் மீட்பு எண்கள் என்று சிலவற்றைத் தருகின்றன. அவற்றைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். *#06# என்று அழுத்தினால் தெரியும், கைப்பேசியின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் அதே காகிதத்தில் எழுதுங்கள், புகார் கொடுக்க வேண்டியிருக்கும்.

பேக்கப் தானாக நடக்கும்படி வைப்பது நல்லது. வாட்ஸ்அப் உரையாடல்கள் 2016 முதல், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய முனைக்கு முனை மறையாக்கத்தோடு போகின்றன. அவற்றின் பேக்கப்புக்கு அந்தக் காப்பு 2021 அக்டோபரில்தான் வந்தது, அதுவும் நாமே இயக்கினால்தான் உண்டு. அந்தக் காப்புக்கு வைத்த கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் மீட்டுத்தர முடியாது என்பதால் அதுவும் காகிதத்துக்குப் போகட்டும். பழைய கைப்பேசியை விற்கும்போது கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுமையாக அழித்துவிட்டுக் கொடுங்கள். மறையாக்கச் சாவியே அழிந்துவிடுவதால் உள்ளே இருந்தது மீளாது. மெமரி கார்டை மட்டும் மறக்காமல் கழற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது மறையாக்கம் இல்லாமலே இருக்கும்.

ஒரு முறை கடும் காய்ச்சலில் ஐந்து நாள் படுத்திருந்தேன். மறுநாள் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய மருத்துவ அறிக்கை பாதியில் நின்றது. அவருக்குத் தகவல் சொல்ல வீட்டில் யாருக்கும் வழி தெரியவில்லை. எல்லாம் என் விரல்ரேகைக்குப் பின்னால் இருந்தது. நிறுவனம் என்றால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எடுத்துப் பேசியிருப்பார். கூகுள் கணக்கில், குறிப்பிட்ட மாதங்கள் பயன்பாடே இல்லாவிட்டால் நாம் சொன்னவருக்குத் தகவலைத் தரும் ஏற்பாடு 2013 முதல் இருக்கிறது. ஆப்பிளில், நம் காலத்துக்குப் பின் கணக்கைத் திறக்கக்கூடியவரைக் குறித்து வைக்கும் வசதி 2021இல் வந்தது. ஐந்து நாள் காய்ச்சலுக்கு இவை உதவாது. அதற்கு நான் வைத்திருப்பது ஓர் உறை. நடப்பு வேலைகளுக்கு உரிய ஆறேழு பேரின் பெயரும் எண்ணும், 'உடல்நலமில்லை, வேலை தாமதமாகும், உங்கள் ஆவணம் பத்திரமாக இருக்கிறது' என்று அவர்களுக்கு அனுப்ப வேண்டிய செய்தியும் அதில் இருக்கின்றன. என்ன ஆவணம் என்று எழுதவில்லை. மாதத்தின் முதல் நாள் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளை வைக்கிறேன். உறை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பது என் தங்கைக்குத் தெரியும்.